‘ஸ்போர்ட்டிங் ரைஃபிள்’னு பேர் வச்சா சட்டம் விட்டுடுமா? ஒரு வாசகிக்கு வக்கீலோட பதில்

நியூ ஜெர்சிலேந்து ஒரு வாசகி நீளமா எழுதியிருக்காங்க. அடையாளம் தெரியாம இருக்க சில விவரத்த எடுத்துட்டு சுருக்கமா சொல்றேன். கணவர் எச்-1பி விசால ஐடி வேலைல இருக்காரு, கிரீன் கார்டுக்காக (நிரந்தரமா தங்கற அனுமதி) போட்ட ஐ-140ங்கற மனு அப்ரூவ் ஆகி வரிசைல வருஷக்கணக்கா காத்துக்கிட்டு இருக்காங்க, இவங்க எச்-4ங்கற துணைவர் விசால, இஏடிங்கற வேலை அனுமதி அட்டைய வச்சு வேலைக்குப் போறாங்க, ஒன்பது வயசுல ஒரு பையன். கொஞ்ச நாள் முன்னாடி பக்கத்து தெருவுல ஒரு இந்தியக் குடும்பம் கல்யாணத்துக்குப் போயிருந்தப்ப வீட்ட உடச்சு நகை எல்லாத்தையும் எடுத்துட்டுப் போயிட்டாங்க, அதுலேந்து கணவருக்கு ராத்திரி தூக்கமே இல்ல, சின்ன சத்தம் கேட்டாலும் எந்திரிச்சு வாசக்கதவ பாத்துட்டு வராராம்.

அவரோட ஆபீஸ்ல பென்சில்வேனியாலேந்து வர ஒருத்தர் துப்பாக்கி விஷயத்துல ரொம்ப ஈடுபாடு உள்ளவர். ரெண்டு தடவை இவர ஷூட்டிங் ரேஞ்சுக்கு கூட்டிட்டுப் போயிருக்காரு. இப்ப தன்கிட்ட இருக்கற ஏஆர்-15ங்கற ரைஃபிள் ஒண்ண இவருக்கு விக்கறேன்னு சொல்லி அட்வான்ஸும் வாங்கிட்டாரு, அடுத்த வாரம் போய் எடுத்துட்டு வரதா ஏற்பாடு. வாசகி பயந்து போய் கேட்டதுக்கு கணவர் சொன்ன பதில் எல்லாத்தையும் அப்படியே எழுதியிருக்காங்க. “இது அசால்ட் ரைஃபிள் இல்ல, மாடர்ன் ஸ்போர்ட்டிங் ரைஃபிள்.” “30 தோட்டா பிடிக்கறது ஸ்டாண்டர்ட் மேகசின் (தோட்டா அடைக்கற பெட்டி) தான்.” “சத்தம் பையனுக்கு ஆகாதுன்னா குழல் முனைல மாட்டற சப்ரசர் அப்புறமா வாங்கிக்கலாம்.” “பிரைவேட் சேல், ஃபார்ம் எதுவும் நிரப்ப வேண்டாம்.” அது சரிப்படலன்னா சிட்டிசனா இருக்கற அண்ணன் கிஃப்டா வாங்கித் தருவாரு, இல்லன்னா முக்கால்வாசி செஞ்ச பாகங்களா வர 80 பர்சென்ட் கிட் ஒண்ணு வாங்கி நாமளே செஞ்சுக்கலாம், அது சட்டப்படி துப்பாக்கியே கிடையாதாம். பையனுக்கும் ஒரு யூத் மாடல் பாத்து வச்சிருக்காராம்.

வாசகி கேக்கறது மூணு. ஏஆர்னா அசால்ட் ரைஃபிள் தானே, அப்ப இவர் சொல்றது பொய்யா? ஆள கொல்லாத லெஸ் லீத்தல் ஏதாவது வாங்கிக்கிட்டா ரெண்டு பேருக்கும் சமாதானமா போயிடுமா? இதால எங்க கிரீன் கார்டுக்கு ஏதாவது ஆகுமா?

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்க கடைசியா கேட்டதுக்கு தான் முதல்ல பதில் சொல்லணும், ஏன்னா அது அடுத்த வாரத்துக்குள்ள முடிவாக வேண்டிய விஷயம். அந்தத் துப்பாக்கி உங்க வீட்டுக்குள்ள வரக்கூடாது. அதுக்கு என்ன பேர் வச்சாலும் சரி.

விசா முதல்ல

அமெரிக்க ஃபெடரல் சட்டத்துல யார் யார் துப்பாக்கி வச்சுக்கக் கூடாதுன்னு ஒரு பட்டியல் இருக்கு, 18 யு.எஸ்.சி. 922(ஜி)ன்னு சொல்வாங்க. தண்டனை வாங்கின குற்றவாளிங்களுக்கு மட்டும் தான் அதுன்னு நிறைய பேர் நினைக்கறாங்க, ஆனா நான்-இமிக்ரண்ட் விசால, அதாவது தற்காலிக விசால உள்ள வந்தவங்களும் அதே பட்டியல்ல இருக்காங்க. எச்-1பி, எச்-4, எஃப்-1, எல்-1 எல்லாம் அதுல அடங்கும். இஏடி இருக்கறதாலயோ ஐ-140 அப்ரூவ் ஆனதாலயோ இது மாறாது, கிரீன் கார்டு கைக்கு வந்தப்புறம் தான் இந்தத் தடை விலகும். மீறினா 2022 சட்டத் திருத்தத்துக்கு அப்புறம் 15 வருஷம் வரைக்கும் ஜெயில். அதுக்கு மேல குடியேற்றச் சட்டத்துல துப்பாக்கி சம்பந்தமான குற்றத்துல தண்டனை ஆனாலே நாடு கடத்தறதுக்கு அது ஒரு தனிக் காரணம். இத்தன வருஷம் வரிசைல நின்னது ஒரே நாள்ல போயிடும், இத பயமுறுத்தறதுக்காக சொல்லல, உங்க குடும்பம் நிஜமாவே நிக்கற இடம் இது.

உங்க வீட்டுக்காரர் “ஃபார்ம் கிடையாது”ன்னு சொல்றத ஒரு அனுமதி மாதிரி எடுத்துக்கிட்டாரு. பென்சில்வேனியால அந்த ஊர்க்காரங்க ரெண்டு பேருக்குள்ள நீளத் துப்பாக்கிய பிரைவேட்டா வித்துக்கிட்டா பேக்ரவுண்ட் செக் கட்டாயம் இல்லங்கறது உண்மைதான். அதுக்கு அர்த்தம் செக் பண்ண ஆள் இல்லன்னு மட்டும்தான், வச்சுக்கறதுக்கு உரிமை இருக்குன்னு ஆயிடாது. அதோட லைசென்ஸ் இல்லாத ஒருத்தர் வேற மாநிலத்துக்காரருக்கு நேரடியா துப்பாக்கி விக்கறதே ஃபெடரல் குற்றம். அதாவது அந்த ஆபீஸ் நண்பரும் மாட்டுவாரு, அவருக்கு இது தெரியாமலே கூட இருக்கலாம்.

அண்ணன் வழி இன்னும் மோசம். கடைல வாங்கும்போது 4473ன்னு ஒரு ஃபார்ம் இருக்கு, அதுல நீதான் நிஜமா வாங்கறவரான்னு கேப்பாங்க. நிஜமான பரிசுக்கு சட்டத்துல இடம் உண்டு, ஆனா வச்சுக்கக் கூடாதவர்னு தெரிஞ்சே ஒருத்தருக்காக வாங்கினா அதுக்கு கிஃப்ட்னு பேர் வச்சாலும் அது ஸ்ட்ரா பர்ச்சேஸ், அதாவது பினாமியா வாங்கறது தான். 2022லேந்து அதுக்குன்னே தனி ஃபெடரல் சட்டம் இருக்கு, அதுலயும் 15 வருஷம் வரைக்கும் போகலாம். சிட்டிசனா இருக்கற அண்ணன ஜெயிலுக்கு அனுப்பற வேலை அது.

இதுல விதிவிலக்கு ஒண்ணு இருக்கு, அதையும் மறைக்காம சொல்லிடறேன், ஏன்னா உங்க வீட்டுக்காரர் எப்படியும் தேடிக் கண்டுபிடிப்பாரு. அமெரிக்கால முறைப்படி குடுத்த, காலாவதி ஆகாத வேட்டை லைசென்ஸ் ஒருத்தர் கைல இருந்தா நான்-இமிக்ரண்ட் தடை அவருக்குப் பொருந்தாது. சட்டத்துலயே எழுதியிருக்கு. ஆனா அது ஃபெடரல் தடைய மட்டும் தான் எடுக்கும். நியூ ஜெர்சி சட்டம் அப்படியே நிக்கும், துப்பாக்கி வாங்கற அடையாள அட்டை தனியா வாங்கணும், லைசென்ஸ் தேதி முடிஞ்ச மறுநாளே பழைய நிலைமைக்கு வந்துடுவீங்க, அதோட இப்ப பேசிட்டு இருக்கற துப்பாக்கிய நியூ ஜெர்சில வேட்டை லைசென்ஸ் வச்சிருக்கற சிட்டிசனே வச்சுக்க முடியாது. ஏன்னு கீழ சொல்றேன்.

அந்தப் பேர் எங்கேந்து வந்துச்சு

முதல்ல உங்க பக்கம் ஒரு திருத்தம். ஏஆர்னா அசால்ட் ரைஃபிள் இல்ல. ஆர்மலைட்ங்கற கம்பெனி 1950கள்ல வடிவமைச்சது, அந்தக் கம்பெனி பேர்லேந்து வந்த எழுத்து தான் ஏஆர். 1959ல உரிமைய கோல்ட் கம்பெனிக்கு வித்துட்டாங்க. ராணுவத்துக்குப் போனது எம்-16 ஆச்சு, ட்ரிகர அழுத்திப் பிடிச்சா தொடர்ந்து சுடும். பொதுமக்களுக்கு 1964லேந்து வித்தது ஒரு அழுத்துக்கு ஒரு தோட்டா மட்டும் போற செமி ஆட்டோமேட்டிக். அசால்ட் ரைஃபிள்ங்கற சொல் 1944ல ஜெர்மனி ஒரு ராணுவத் துப்பாக்கிக்கு வச்ச ஸ்டூர்ம்கெவேர்ங்கற பேரோட மொழிபெயர்ப்பு, ராணுவ வழக்குல தொடர்ந்து சுடற வசதி இருந்தா தான் அப்படி சொல்வாங்க. அதனால “இது அசால்ட் ரைஃபிள் இல்ல”ன்னு உங்க வீட்டுக்காரர் சொன்னது அந்த அளவுக்கு சரி. இத நீங்க ஒத்துக்கிட்டுப் பேசினா தான் உங்க வீட்டுக்காரர் அடுத்து சொல்றத காது குடுத்து கேப்பாரு, துப்பாக்கிக்காரங்க கிட்ட இந்த ஒரு தப்ப செஞ்சுட்டு வாதம் பண்ணினா மத்தது எதையும் மதிக்க மாட்டாங்க.

ஆனா ஸ்போர்ட்டிங்ங்கற பேர் அதவிட பெரிய கதை. கோல்ட் 1964லயே அத ஸ்போர்ட்டர்னு தான் வித்துச்சு. 1968 துப்பாக்கிச் சட்டத்துல வெளிநாட்லேந்து இறக்குமதி பண்ற துப்பாக்கி விளையாட்டு நோக்கத்துக்குப் பொருத்தமா இருக்கணும்னு ஒரு நிபந்தனை போட்டாங்க, அந்த நிபந்தனைய வச்சு 1989ல நிறைய செமி ஆட்டோமேட்டிக் துப்பாக்கிங்க உள்ள வரத நிறுத்தினாங்க. ஆக ஸ்போர்ட்ங்கற சொல்லுக்கு அமெரிக்கால ஒரு சட்ட மதிப்பு உண்டு, அது வெறும் அலங்காரம் இல்ல. அதே 1980கள்ல துப்பாக்கிப் பத்திரிகைகளும் விக்கறவங்களும் அசால்ட்ங்கற சொல்லத் தாங்களே விளம்பரத்துல போட்டாங்க, அப்ப அது ஆளுங்கள இழுக்கற வார்த்தையா இருந்துச்சு. 1994ல ஃபெடரல் அரசு அசால்ட் வெப்பன்னு பேர் வச்சு பத்து வருஷத்துக்கு தடை கொண்டு வந்தப்புறம் அந்தச் சொல்ல கம்பெனிகளே வெறுக்க ஆரம்பிச்சாங்க. 2004ல தடை காலாவதி ஆச்சு. 2009ல நேஷனல் ஷூட்டிங் ஸ்போர்ட்ஸ் ஃபவுண்டேஷன்ங்கற துப்பாக்கித் தொழில்காரங்களோட வர்த்தக சங்கம் மாடர்ன் ஸ்போர்ட்டிங் ரைஃபிள்ங்கற பேர பிரச்சாரமா எடுத்துட்டுப் போச்சு. அதாவது இந்தப் பேர வச்சது விக்கறவங்க, அதுவும் எதுக்குன்னு யோசிச்சு வச்சாங்க.

எதிர்ப் பக்கமும் பேர் வைக்கறதுல சளைச்சவங்க இல்லங்கறதையும் சொல்லணும். 1994 சட்டத்துல தனிப் பிடி, மடக்கற ஸ்டாக் (தோள்ல வைக்கற கட்டை), பேயனெட் கத்தி மாட்டற கொக்கி, தீப்பிழம்ப மறைக்கற முனை, இதுல ரெண்டு இருந்தா தடைன்னு எழுதியிருந்தாங்க. கம்பெனிங்க கொக்கியையும் முனையையும் கழட்டிட்டு அதே இயந்திரத்த வித்தாங்க, சுடற வேகத்துலயோ தோட்டாவோட பலத்துலயோ ஒரு மாத்தமும் இல்ல. அமெரிக்கால துப்பாக்கியால நடக்கற கொலைகள்ல பெரும்பகுதி கைத்துப்பாக்கியால நடக்குது, எல்லா வகை ரைஃபிளும் சேந்தாலும் சின்னப் பங்குதான். ஆக வெப்பன் ஆஃப் வார்னு ஒருத்தர் சொன்னாலும் ஸ்போர்ட்டிங்னு இன்னொருத்தர் சொன்னாலும் ரெண்டுமே நம்ம மனசுல ஒரு படத்தப் போடறதுக்காக சொல்ற வார்த்தைங்க.

ஆனா ரெண்டையும் ஒரே தட்டுல வச்சுட மாட்டேன். ஒரே பொருளுக்கு ஆள் பாத்து பேர் மாத்தறது விக்கறவங்களோட பழக்கம், அதுக்கு ஆதாரம் இருக்கு. சங்கத்துக்காரங்க ஸ்போர்ட்டிங்னு பேசிட்டு இருந்த அதே காலத்துல புஷ்மாஸ்டர் கம்பெனி தன்னோட ஏஆர் வகை துப்பாக்கிக்கு உன் ஆம்பளத்தனத்துக்கான கார்டு திரும்பக் கிடைச்சுதுன்னு அர்த்தம் வர மாதிரி விளம்பரம் போட்டுச்சு. 2012 டிசம்பர்ல கனெக்டிகட்ல சாண்டி ஹூக் பள்ளிக்கூடத்துல 20 குழந்தைங்களும் 6 பெரியவங்களும் செத்தது புஷ்மாஸ்டர் துப்பாக்கியால தான். துப்பாக்கிக் கம்பெனிகள் மேல கேஸ் போடறது 2005 சட்டத்தால ரொம்ப கஷ்டம், ஆனா அந்தக் குடும்பங்களோட வக்கீலுங்க விளம்பரத்தையே புடிச்சாங்க, மாநிலத்தோட வணிக ஒழுங்குச் சட்டத்த மீறின விளம்பரம்னு வாதாடினாங்க, 2019ல கனெக்டிகட் உச்ச நீதிமன்றம் அத அனுமதிச்சுது. 2022 பிப்ரவரில ஒன்பது குடும்பங்களுக்கு 73 மில்லியன் டாலர்னு சமரசம் ஆச்சு. பணத்த குடுத்தது அந்த பிராண்டோட சொந்தக்காரங்களா இருந்த ரெமிங்டனோட இன்சூரன்ஸ் கம்பெனிங்க.

1990கள்ல வின்செஸ்டர் பிளாக் டேலன்னு கருப்பு நகம்ங்கற அர்த்தத்துல ஒரு தோட்டாவ வித்தாங்க, உடம்புல பட்டதும் முனை நகம் மாதிரி விரியும். எதிர்ப்பு கிளம்பினதும் 1993ல பொதுமக்களுக்கு விக்கறத நிறுத்தினாங்க, அப்புறம் அதே வகைத் தோட்டா ரேஞ்சர் எஸ்எக்ஸ்டின்னு உப்பு சப்பில்லாத ஒரு பேர்ல போலீசுக்குப் போச்சு. பட்டா என்ன ஆகும்ங்கறதுல பெரிசா ஒண்ணும் மாறல. உங்க வீட்டுக்காரர் கிட்ட எனக்கு சொல்லணும்னு தோணறது இதுதான்: பேர யார் வச்சாங்கன்னு பாருங்க, அப்புறம் சட்டம் அந்தப் பொருள எப்படி விவரிக்குதுன்னு பாருங்க, கோர்ட்ல ரெண்டாவது மட்டும்தான் செல்லும்.

நியூ ஜெர்சி இத என்னன்னு சொல்லுது

நியூ ஜெர்சில 1990லேந்து அசால்ட் ஃபையர்ஆர்ம்னு ஒரு சட்ட வகை இருக்கு. கோல்ட் ஏஆர்-15 அந்தப் பட்டியல்ல பேர் போட்டே இருக்கு, அதோட பெரும்பாலும் ஒத்துப்போற மத்த கம்பெனி துப்பாக்கிகளும் அடங்கும். வச்சிருந்தா செகண்ட் டிகிரி குற்றம், சாதாரணமா 5லேந்து 10 வருஷம். நண்பர் பென்சில்வேனியால அத சட்டப்படி வச்சிருக்கலாம், ரெண்டு மாநிலத்துக்கும் நடுவுல ஓடற ஆத்தத் தாண்டி உங்க கார் இந்தப் பக்கம் வந்ததும் அது வேற பொருள் ஆயிடும். 2024ல ஒரு ஃபெடரல் ஜட்ஜ் வீட்டுப் பாதுகாப்புக்கு ஏஆர்-15 வச்சுக்கறதத் தடுக்கறது அரசியல் சட்டத்துக்கு எதிரானதுன்னு தீர்ப்பு சொன்னாரு, அது அப்பீலுக்குப் போச்சு. அந்த நண்பர் இந்தத் தீர்ப்பக் காட்டலாம், ஆனா அந்த வழக்கு உங்க விசா தடைய தொடவே இல்ல. அதே தீர்ப்புல 10 தோட்டா வரம்பு செல்லும்னு தான் சொன்னாரு.

அதனால 30 தோட்டா ஸ்டாண்டர்ட் மேகசின்ங்கறதும் இங்க செல்லாது. தொழிற்சாலைலேந்து துப்பாக்கியோட வர மேகசின் 30 பிடிக்கும், அதனால அவங்க அத ஸ்டாண்டர்ட்ங்கறாங்க. நியூ ஜெர்சி 2018லேந்து 10க்கு மேல பிடிக்கற எல்லாத்தையும் லார்ஜ் கெபாசிட்டிங்குது. மேகசின் மட்டும் தனியா வீட்ல இருந்தாலே குற்றம், 18 மாசம் வரைக்கும் போகலாம்.

சப்ரசர் விஷயம் கொஞ்சம் வேடிக்கையா திரும்பியிருக்கும். 1909ல ஹைரம் பெர்சி மாக்சிம்ங்கறவர் அதுக்கு காப்புரிமை வாங்கி விக்கும்போது வச்ச விளம்பரப் பேர் தான் சைலன்சர். சத்தமே இல்லாமப் பண்ணிடும்னு நினைக்க வச்சது அந்தப் பேரு, சினிமாவும் சேந்து நம்ம எல்லார் மண்டைலயும் ஏத்திடுச்சு. 1934 சட்டமும் சைலன்சர்னே எழுதிடுச்சு, இன்னிக்கும் சட்டத்துல அதான் இருக்கு. நிஜத்துல 160 டெசிபலுக்கு மேல இருக்கற ஏஆர் சத்தத்த 20லேந்து 35 வரைக்கும் குறைக்கும், மிச்சம் இருக்கறதே பெரிய சத்தம். அந்த வகைல சப்ரசர்ங்கற இன்னிக்குப் பேர் தான் சரியானது. இத சொல்லக் காரணம், விக்கறவங்க சொல்ற ஒவ்வொரு பேரும் பொய்யின்னு நீங்க முடிவு கட்டிடக் கூடாது. ஆனா ஃபெடரல் பதிவு இல்லாம அத வச்சுக்க முடியாது, 200 டாலர் வரி 2026 ஜனவரிலேந்து பூஜ்யம் ஆனாலும் பதிவு அப்படியே இருக்கு, நியூ ஜெர்சிலயோ அதுக்கு தடை. சுத்தம் பண்ற கருவின்னு சால்வன்ட் ட்ராப்ங்கற பேர்ல ஆன்லைன்ல விக்கறத பாத்தா பக்கத்துலயே போகாதீங்க, அத சப்ரசரா மாத்தினவங்க மேல ஃபெடரல் கேஸ் நடந்திருக்கு.

80 பர்சென்ட்ங்கறது அரசு அளந்து குடுத்த கணக்கு கிடையாது, விக்கறவங்க வச்ச பேர். மிச்சம் 20ல தான் சட்டம் ஆரம்பிக்குதுன்னு நினைக்க வைக்கறதுக்காக அந்த எண்ணு. 2022ல ஃபெடரல் விதி மாறுச்சு, சுலபமா துப்பாக்கி ஆக்கக்கூடிய கிட்டும் துப்பாக்கிதான்னு ஆச்சு, 2025 மார்ச்ல உச்ச நீதிமன்றம் 7-2ன்னு அந்த விதிய ஏத்துக்கிச்சு. நியூ ஜெர்சி அதுக்கும் முன்னாடியே 2018ல இந்த வழிய குற்றமா ஆக்கிடுச்சு.

லெஸ் லீத்தல், யூத் மாடல்

நீங்க கேட்ட லெஸ் லீத்தல் பத்தி. அந்தப் பேர்ல உண்மை இருக்கு, நிதானமா படிச்சா தெரியும். கொல்றது குறைவுன்னு தான் சொல்லுது, கொல்லாதுன்னு சொல்லல. முன்னாடி நான்-லீத்தல்னு சொல்லிட்டு இருந்தாங்க, ஆளுங்க செத்ததால மாத்த வேண்டி வந்துச்சு. 2004 அக்டோபர்ல பாஸ்டன்ல பேஸ்பால் வெற்றிக் கூட்டத்த கலைக்க போலீஸ் சுட்ட மிளகுப்பொடி உருண்டை ஒண்ணு கல்லூரி மாணவி ஒருத்தியோட கண்ணுல பட்டு அவ செத்தே போயிட்டா. இதுல இன்னொரு சிக்கல், அழுத்தக் காத்தால சுடறது ஃபெடரல் சட்டத்துல துப்பாக்கி இல்ல, ஏன்னா அங்க வெடிமருந்தால சுடறது தான் துப்பாக்கி. நியூ ஜெர்சில சாதாரண பெல்லட் கன் கூட ஃபையர்ஆர்ம் கணக்குல வரும். கடைக்காரர் வேற மாநிலத்துலேந்து ‘நோ லைசென்ஸ் நீடட்’னு ஒட்டி அனுப்பினா அத நம்பி வாங்கிடாதீங்க. உங்களுக்கு கைல ஏதாவது வேணும்னா பெப்பர் ஸ்ப்ரே இருக்கு, நியூ ஜெர்சில 18 வயசு ஆன, குற்றப் பின்னணி இல்லாதவங்க முக்கால் அவுன்ஸ் வரைக்கும் தற்காப்புக்கு வச்சுக்கலாம். அது துப்பாக்கி இல்லாததால மேல சொன்ன விசா தடையும் இதுக்குப் பொருந்தாது.

யூத் மாடல் பத்தி நான் கொஞ்சம் கடுமையாவே பேசுவேன். 2022ல ஜேஆர்-15னு ஒண்ணு சந்தைக்கு வந்துச்சு, அம்மா அப்பாவோட துப்பாக்கி மாதிரியே இருக்கும், அதே மாதிரி வேலை செய்யும்னு விளம்பரம். அதுக்கு முன்னாடியே மை ஃபர்ஸ்ட் ரைஃபிள்னு பளிச்சுன்னு கலர் அடிச்சு ஒரு கம்பெனி வித்துட்டு இருந்துச்சு, 2013ல கென்டக்கில அஞ்சு வயசுப் பையன் ஒருத்தன் தனக்குப் பரிசா வந்த அந்த வகை துப்பாக்கியால ரெண்டு வயசுத் தங்கச்சிய சுட்டுட்டான். உள்ள தோட்டா இருந்தது வீட்ல யாருக்கும் தெரியல. அளவு தான் சின்னது, உள்ள போறது நிஜத் தோட்டா. இத உங்க வீட்டுக்காரர் வேற எதுக்கும் இல்லன்னாலும் இதுக்காகவாவது படிக்கணும்.

ஹோம் டிஃபென்ஸ்

எல்லாப் பேர்லயும் இதுதான் ரொம்ப சக்தி உள்ளது, ஏன்னா இது பொருளப் பத்தி பேசல, பயத்தப் பத்தி பேசுது. உங்க வீட்டுக்காரரோட பயம் நியாயமானது, அத சின்னதா நினைக்காதீங்க. ஆனா நீங்க எழுதினதுலயே பதில் இருக்கு, பக்கத்து தெருவுல திருடங்க வந்தது வீட்ல யாரும் இல்லாதப்ப. அப்படி வரவனுக்கு துப்பாக்கி ஒரு தடை இல்ல, நகையோட சேத்து அதையும் எடுத்துட்டுப் போவான். ஆள் இருக்கும்போதே வந்தா என்னன்னு அவர் கேப்பாரு. ரைஃபிள் தோட்டா வினாடிக்கு 3000 அடிக்கு பக்கத்துல போகும், இங்க வீட்டுக்குள்ள இருக்கற டிரைவால் சுவரெல்லாம் அதுக்கு தடையே இல்ல, அந்தப் பக்கம் பையனோட ரூமும் பக்கத்து வீடும் இருக்கு.

2021ல அமெரிக்கால துப்பாக்கியால செத்தவங்க 48,830 பேர், அதுல 26,328 பேர் தற்கொலை. பாதிக்கும் மேல. இத எழுதறதுக்கு எனக்கு கஷ்டமா இருக்கு, ஆனா ராத்திரி தூக்கம் வராம, வேலை பயத்துலயும் விசா பயத்துலயும் இருக்கற ஒரு மனுஷன் வீட்ல துப்பாக்கி வருதுன்னா வக்கீலாவும் பேசாம இருக்க முடியாது, மனுஷனாவும் முடியாது. திருடன் விஷயத்த விட அவரோட தூக்கத்த ஒரு டாக்டர் கிட்ட காட்டறது முக்கியம். அவர் எப்பவாவது வாழ்க்கை வெறுத்த மாதிரி பேசினா தள்ளிப் போடாதீங்க, 988ங்கற நெருக்கடி உதவி எண்ணுக்கு போன் பண்ணலாம், எந்த நேரமும் ஆள் இருப்பாங்க.

இப்ப என்ன செய்யணும்

ரேஞ்சுக்குப் போன விஷயம் தான் எனக்கு நெருடுது. வாடகைக்கு எடுத்து அங்கயே சுட்டுட்டு குடுத்தாலும் அது வச்சிருந்த மாதிரி தான் பாக்கப்படும். ரெஹைஃப்ங்கற வழக்குல மாணவ விசா போயிட்ட ஒருத்தர் மேல ரேஞ்சுல சுட்டதுக்கே ஃபெடரல் கேஸ் போட்டாங்க. 2019ல உச்ச நீதிமன்றம் தன்னோட நிலைமை அவருக்குத் தெரிஞ்சிருந்துதுன்னு அரசு நிரூபிக்கணும்னு சொல்லுச்சு, ஆனா எச்-1பில இருக்கறவர் தன் விசா என்னன்னு தெரியாதுன்னு சொல்ல முடியாதுல்ல. அதனால இனிமே ரேஞ்ச் வேண்டாம். அங்க எடுத்த போட்டோ இருந்தா புதுசா எங்கயும் போடாதீங்க, அதே சமயம் பயத்துல பழசு எதையும் அழிக்கவும் வேண்டாம், அழிச்சது தனிப் பிரச்சனை ஆகும். ஆபீஸ் நண்பர்கிட்ட மெசேஜ்ல இதப் பத்தி விளக்கமா எழுதவும் வேண்டாம், வாங்கலன்னு மட்டும் சொல்லிட்டு அட்வான்ஸ் திரும்பக் கேளுங்க, தரலன்னா அந்தப் பணம் போகட்டும். ஒரு குடியேற்ற வக்கீலையும் ஒரு கிரிமினல் வக்கீலையும் பாருங்க, பேசறது ரகசியமா இருக்கும், ரேஞ்ச் விஷயத்த அவங்க கிட்ட மறைக்காதீங்க. கிரீன் கார்டு ஃபார்ம்ல வர கேள்விகளுக்கு எப்படி பதில் எழுதறதுன்னு அவங்க வழி சொல்லணும்.

எல்லாத்தையும் மீறி அவர் எடுத்துட்டு வந்துட்டா நீங்க தொடாதீங்க, திருப்பிக் குடுக்கறேன்னு கார்ல வச்சு ஓட்டிட்டும் போயிடாதீங்க, அதுவே உங்க பேர்ல ஒரு குற்றமாகும். எச்-4ல இருக்கற உங்களுக்கும் அதே தடை தான், வீட்ல இருக்கறது தெரிஞ்சு எடுக்கற இடத்துல இருந்தா அது உங்க கட்டுப்பாட்டுலயும் இருக்குன்னு அரசு வாதாடலாம். பையன உங்க கூட வச்சுக்கிட்டு உடனே கிரிமினல் வக்கீலுக்கு போன் பண்ணுங்க, சட்டப்படி எப்படி ஒப்படைக்கறதுன்னு அவர் ஏற்பாடு பண்ணுவாரு.

வீட்டுக்கு: நகைய பேங்க் லாக்கர்ல வையுங்க, இன்சூரன்ஸ்ல நகைக்கு தனியா சேக்கணும்னா சேருங்க, சாதாரண பாலிசில நகைக்கு வரம்பு கம்மியா இருக்கும். வாசக்கதவு ஃபிரேம்ல பூட்டு மாட்டற தகட்டுக்கு நீள ஸ்க்ரூ போடுங்க, பின்பக்கக் கண்ணாடிக் கதவுக்கு உடையாத ஃபிலிம் ஒட்டுங்க, அலாரம் வையுங்க, ஊருக்குப் போறத போயிட்டு வந்தப்புறம் போஸ்ட் போடுங்க. இதெல்லாம் உங்க வீட்டுக்காரர் கையால செய்யட்டும், சும்மா உக்காந்து பயப்படறத விட அவருக்கு அது நிம்மதி குடுக்கும்.

பையன் விஷயத்துல இன்னொண்ணு. உங்க வீட்ல துப்பாக்கி இல்லங்கறதால அவன் கண்ணுல படாதுன்னு ஆகாது. நண்பன் வீட்டுக்கு விளையாட அனுப்பறதுக்கு முன்னாடி அங்க துப்பாக்கி இருக்கா, பூட்டி வச்சிருக்காங்களா, தோட்டா தனியா இருக்கான்னு அவங்க அம்மா அப்பாகிட்ட கேளுங்க. இங்க நிறைய பேர் கேக்கறாங்க, யாரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க. அவன்கிட்ட சொல்ல வேண்டியது நாலு: அங்கயே நில்லு, தொடாத, அந்த இடத்த விட்டுப் போயிடு, பெரியவங்க யார்கிட்டயாவது உடனே சொல்லு. பொம்மை மாதிரி இருந்தாலும், கலர் அடிச்சிருந்தாலும் இதே நாலு தான்னு சேத்து சொல்லுங்க.